மறுதொடக்கத்தில் தொலைந்துபோகும் நேரம்: சர்வர் எச்சரிக்கைகளின் நிலையைக் காப்பது எப்படி?

2017 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தரமணிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் நான் இரவுப் பணியில் இருந்தேன். முதன்மைத் தரவுத்தளத்திலிருந்து நகல் தரவுத்தளத்துக்குத் தகவல் போய்ச் சேர்வது 10 நிமிடத்துக்கு மேல் பின்தங்கி, அந்தப் பின்னடைவு ஒரு மணி நேரம் விடாமல் நீடித்தால் எங்கள் கைபேசி ஒலிக்க வேண்டும் என்று பிரோமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் விதி எழுதி வைத்திருந்தோம். மூன்று இரவுகள் பின்னடைவு வளர்ந்துகொண்டே போனது, கைபேசி ஒலிக்கவில்லை. நான்காம் நாள் காலையில் வாடிக்கையாளர் ஒருவர், முந்தைய நாளின் பரிவர்த்தனைகள் தன் அறிக்கையில் இல்லையே என்று கேட்ட பிறகுதான் எச்சரிக்கைப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். விதியில் பிழை இல்லை. நிபந்தனையும் மீறப்பட்டுத்தான் இருந்தது; மஞ்சள் நிறத்தில் ‘பெண்டிங்’, அதாவது காத்திருப்பில், என்று அந்தப் பக்கம் தெளிவாகவே காட்டியது. ஆனால் ‘எப்போதிலிருந்து’ என்ற கட்டத்தில் 25 நிமிடத்துக்கு முந்தைய நேரம்தான் இருந்தது.

நடந்தது இதுதான். நினைவகம் போதாமல், இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் சுமார் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பிரோமீதியஸைக் கொன்றது. நிரல்களைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டி அதை உடனே மறுபடி ஓட வைத்தது. வரைபடங்களில் சிறு இடைவெளி தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் எழுந்த ஒவ்வொரு முறையும், ‘இந்த நிபந்தனை எவ்வளவு நேரமாக மீறப்பட்டிருக்கிறது’ என்ற கணக்கை அது முதலிலிருந்து தொடங்கியது. 45 நிமிடம் மட்டுமே உயிரோடிருக்கும் ஒரு நிரலிடம் ஒரு மணி நேரம் பொறுத்திருந்து சொல் என்று நாங்கள் கேட்டிருந்தோம். அதனால் எந்தக் காலத்திலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

அன்றிலிருந்து எந்தக் கண்காணிப்பு மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, அணைத்துப் போட்டால் இதற்கு எவையெல்லாம் மறந்துபோகும் என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகப் பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்கள் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

எச்சரிக்கை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, நிபந்தனை: டிஸ்க் 90 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியிருக்கிறதா, இல்லையா? இது மறந்துபோனாலும் கேடில்லை. அடுத்த நிமிடமே மறுபடி அளந்து தெரிந்துகொள்ளலாம். மற்றொன்று, அந்த நிபந்தனையைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் வரலாறு: எப்போது தொடங்கியது, யாருக்கெல்லாம் செய்தி போயிருக்கிறது, கடைசியாக எத்தனை மணிக்குப் போனது, ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று யார் ஏற்றுக்கொண்டார், காலை 6 மணி வரை இதைப் பற்றித் தொந்தரவு செய்யாதே என்று யார் சொல்லியிருக்கிறார். இவற்றில் எதையும் சர்வரை அளந்து கண்டுபிடிக்க முடியாது. எங்கள் இரவுப் பணி முடியும்போது, அடுத்து வருபவரிடம் ‘அந்த நான்காம் டிஸ்க் அலர்ட்டை விட்டுடுங்க அண்ணா, வெண்டர்கிட்ட டிக்கெட் போட்டாச்சு, பத்து மணிக்கு ஆள் வர்றாங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதுதான் எச்சரிக்கையின் நிலை. அளந்து மீட்க முடியாதது எதுவோ அதுதான் மறுதொடக்கத்தைத் தாண்டி உயிரோடிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் ஒவ்வொரு மென்பொருளையும் நான் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன்.

பழைய தலைமுறையிலிருந்து தொடங்கலாம். ஈத்தன் கால்ஸ்டாட் 1999 இல் நெட்செயிண்ட் என்ற பெயரில் வெளியிட்டு, 2002 இல் நாகியோஸ் என்று பெயர் மாறிய மென்பொருள் இன்றும் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளின் சிறு சர்வர் அறைகளில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மறதிப் பிரச்சினையை அது வெகு காலத்துக்கு முன்பே எளிய முறையில் தீர்த்தது: தான் அறிந்த எல்லாவற்றையும் ‘ரிடென்ஷன் டாட்’ என்ற சாதாரண உரைக் கோப்பில் எழுதி வைக்கிறது, எழும்போது அதைப் படித்துக்கொள்கிறது. அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பது பயனுள்ள பயிற்சி. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பத்தி இருக்கும். தற்போதைய நிலை என்ன, இது எத்தனையாவது முயற்சி, மென்நிலையா வன்நிலையா, கடைசி வன்நிலை மாற்றம் எந்த நொடியில் நிகழ்ந்தது, சிக்கலை யாராவது ஏற்றுக்கொண்டார்களா, அறிவிப்புகள் இயக்கத்தில் உள்ளனவா என வரிசையாக வரும். நாகியோஸ் ஒரு சேவை தவறியவுடன் கத்துவதில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் தொடர்ந்து தவறினால்தான் மென்நிலையை வன்நிலையாக்கி அறிவிக்கும். ஆகவே ‘எத்தனையாவது முயற்சி’ என்ற எண் தொலைந்தால் பொறுமையின் கணக்கே தொலைந்துபோகும். ஒரு சேவை நிலையில்லாமல் மாறி மாறி ஊசலாடுகிறதா என்று கணிப்பதற்காகக் கடைசி 21 சோதனைகளின் முடிவுகளை அது நினைவில் வைத்துக்கொள்கிறது; அந்த 21 எண்களும் ஒரே வரியாக அதே கோப்பில் இருக்கும்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, இந்தக் கோப்பு முறையாக நிறுத்தும்போது எழுதப்படுகிறது. இடையில், மாதிரி அமைப்பின்படி 60 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதப்படுகிறது. மின்சாரம் சட்டென்று போனாலோ, நிரல் முரட்டுத்தனமாகக் கொல்லப்பட்டாலோ, கடைசி ஒரு மணி நேரத்தில் மனிதர்கள் பதிந்த ஒப்புகைகளும் குறிப்புகளும் போய்விடக்கூடும். யுபிஎஸ் பேட்டரி வயதாகிவிட்ட ஓர் அறையில் 60 என்பது மிக நீண்ட இடைவெளி. அதை 5 ஆகக் குறைப்பதில் பெரிய செலவு எதுவும் இல்லை. இரண்டாவது இதற்கு நேரெதிரானது: நாகியோஸ் அளவுக்கு மீறியும் நினைவு வைத்துக்கொள்ளும். ஒரு சேவைக்கான அறிவிப்பை இணையப் பக்கத்தில் யாரோ அணைத்திருந்தால், பின்னர் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தாலும், சேமித்து வைத்த பழைய மதிப்பே மேலோங்கி நிற்கும். அமைப்புக் கோப்பில் இயக்கம் என்று எழுதியிருந்தும் அறிவிப்பு வராத காரணத்தைத் தேடி நாள்கணக்கில் அலைந்தவர்களை நான் அறிவேன். நிலையைக் காப்பது என்று முடிவெடுத்தால், சேமித்த நிலையும் புதிதாக எழுதிய அமைப்பும் முரண்படும்போது எது வெல்லும் என்பதையும் சேர்த்தே முடிவெடுத்தாக வேண்டும்.

அலெக்ஸி விளாதிஷெவ் உருவாக்கிய ஜாபிக்ஸ் வேறு பாதையில் சென்றது. சிக்கல்கள், நிகழ்வுகள், ஒப்புகைகள், யாருக்கு எந்தப் படியில் செய்தி போக வேண்டும் என்ற வரிசை ஆகிய எல்லாவற்றையும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்திலேயே வைத்துவிடுவதால், ஜாபிக்ஸ் சர்வரை நிறுத்தி எழுப்பினாலும் அவை அப்படியே இருக்கும். மறதி என்ற அளவில் இது திடமான ஏற்பாடு. விலை என்னவென்றால் தரவுத்தளத்தையும் சேர்த்துக் காவல் காக்க வேண்டும். அதன் நடத்தையில் நான் மதிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘இந்தக் கருவியிடமிருந்து 10 நிமிடமாகத் தரவே வரவில்லை’ என்று சொல்லும் விதியை, சர்வர் எழுந்து அந்த 10 நிமிடம் கழியும் வரை அது உண்மை என்று அறிவிப்பதில்லை. தரவு வராததற்குத் தான் தூங்கியதே காரணமாக இருக்கலாம் என்பதை அந்த மென்பொருள் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இனி பிரோமீதியஸ். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012 இல் தொடங்கப்பட்டு, 2016 இல், பல இயந்திரங்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸுக்கு அடுத்து இரண்டாவது திட்டமாகக் கிளவுட் நேட்டிவ் அறக்கட்டளையில் சேர்ந்த மென்பொருள் இது. ஓஎம்ஆர் நெடுக உள்ள அலுவலகங்களில் இன்று கண்காணிப்பு என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அளவீடுகளைத் திரட்டிக் காலவரிசையாகச் சேமிப்பதில் வலுவான இந்த மென்பொருள், எச்சரிக்கையின் காத்திருப்புக் கணக்கை மட்டும் பல ஆண்டுகள் வெறும் நினைவகத்தில் வைத்திருந்தது. எங்களுக்கு நேர்ந்தது அதன் நேரடி விளைவு. 2018 ஆம் ஆண்டு, திறமூல மென்பொருள்களில் மாணவர்களை ஈடுபடுத்தும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தின்கீழ் ஹைதராபாத் ஐஐடி மாணவர் ஒருவர் இந்தக் குறையைச் சரிசெய்யும் பணியை எடுத்துக்கொண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த 2.4 பதிப்பில் அந்த வேலை இடம்பெற்றது.

தீர்வு அழகானது. தனியாக ஒரு கோப்பு, தனியாக ஒரு தரவுத்தளம் எதையும் சேர்க்காமல், பிரோமீதியஸ் தன் சொந்தக் காலவரிசைச் சேமிப்பையே இதற்கும் பயன்படுத்துகிறது. காத்திருப்பிலோ ஒலிப்பிலோ இருக்கும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும், விதியைச் சரிபார்க்கும் ஒவ்வொரு மதிப்பீட்டின்போதும், ‘அலர்ட்ஸ் ஃபார் ஸ்டேட்’ என்ற பெயரில் ஒரு புள்ளி எழுதப்படுகிறது. அந்தப் புள்ளியின் மதிப்பு, நிபந்தனை முதன்முதலில் மீறப்பட்ட நேரம். 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக அது குறிக்கப்படுகிறது. இந்த ஒரே வரியில் இரண்டு தகவல்கள் கிடைக்கின்றன: மதிப்பைப் பார்த்தால் சிக்கல் தொடங்கிய நேரம் தெரியும், கடைசிப் புள்ளி எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தால் பிரோமீதியஸ் கண்ணை மூடிய நேரம் தெரியும். எழுந்தவுடன் இவ்விரண்டையும் கொண்டு கணக்கு போட்டுவிடலாம்.

அந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஒரு விதிக்கு 2 மணி நேரக் காத்திருப்பு என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவு கடந்து 1.00 மணிக்கு நிபந்தனை மீறப்படுகிறது; 1.50 க்கு பிரோமீதியஸ் நிற்கிறது, 2.05 க்கு எழுகிறது. நிற்கும் முன் அது 50 நிமிடம் பார்த்திருக்கிறது. இன்னும் 70 நிமிடம் பாக்கி. எழுந்த பிறகும் நிபந்தனை மீறப்பட்டிருந்தால், தொடக்க நேரத்தை, தூங்கிய 15 நிமிடத்தின் அளவுக்குத் தள்ளி 1.15 என்று வைத்துக்கொள்கிறது. எச்சரிக்கை 3.15 க்கு ஒலிக்கும். தூங்கிய நேரம் சேர்வதில்லை, ஏனென்றால் அந்த 15 நிமிடத்தில் என்ன நடந்தது என்று அது பார்க்கவில்லை. மாறாக, 2.55 க்கு நின்று 3.05 க்கு எழுந்தால், பாக்கி 5 நிமிடம்தான். ஆனால் எழுந்த 5 நிமிடத்தில் ஒலித்துவிடாமல், குறைந்தது 10 நிமிடமாவது புதிய அளவீடுகளைப் பார்த்துவிட்டு 3.15 க்கு ஒலிக்கும். இந்த 10 நிமிடம் சலுகைக் காலம் எனப்படுகிறது. 3.20 க்கு ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்த நிலையில் நின்று 3.30 க்கு எழுந்தால், நிலை மீட்கப்பட்டவுடன் தாமதமின்றி ஒலிப்புக்குத் திரும்பும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கிவிட்டாலோ, பழைய கணக்கு செல்லாது. எல்லாம் புதிதாகத் தொடங்கும். சலுகைக் காலம் 10 நிமிடம், பொறுத்துக்கொள்ளும் தூக்கம் 1 மணி நேரம் ஆகிய இரண்டும் இயல்பான மதிப்புகள். தொடக்க விருப்பங்களில் மாற்றிக்கொள்ளலாம்.

தூங்கிய நேரத்தைக் கணக்கில் சேர்க்காத இந்த முடிவு நேர்மையானது என்றே நினைக்கிறேன், எனினும் எல்லா விதிகளுக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. வலைப்பின்னல் தாமதம் போன்றவை நிமிடத்துக்கு நிமிடம் மாறுபவை. பார்க்காத நேரத்தைப் பற்றி ஊகிக்காமல் இருப்பதுதான் சரி. டிஸ்க் நிரம்புவதோ ஒரே திசையில் போகும் நிகழ்வு: நிற்கும் முன் 92 விழுக்காடு, எழுந்தபின் 94 விழுக்காடு என்றால், இடையிலும் 92 க்கு மேல்தான் இருந்திருக்கும் என்று யாரும் சொல்லிவிடலாம். இந்த வேறுபாட்டை விதிக்கு விதி சொல்ல வழியில்லை.

அதைவிடப் பலர் கவனிக்காத ஓர் எல்லை இருக்கிறது. காத்திருப்புக் காலம் சலுகைக் காலத்தைவிடக் குறைவாக, அதாவது 10 நிமிடத்துக்குக் குறைவாக உள்ள விதிகளுக்கு இந்த மீட்பு நடப்பதே இல்லை. நடைமுறையில் நாம் எழுதும் விதிகளில் பாதிக்கு மேல் ‘5 நிமிடம்’ என்று எழுதப்பட்டவைதான். அந்த விதி ஒலித்துக்கொண்டிருக்கும்போது பிரோமீதியஸை மறுதொடக்கம் செய்தால், அது மீண்டும் காத்திருப்புக்குப் போய், முழு 5 நிமிடத்தையும் மறுபடி எண்ணுகிறது. இதன் விளைவு அடுத்த கட்டத்தில் வெளிப்படும்.

அந்த அடுத்த கட்டம் அலர்ட்மேனேஜர். பிரோமீதியஸ் கணிப்பதோடு நின்றுவிடும். யாருக்கு, எப்போது, எந்த வழியில் சொல்வது என்பதை அலர்ட்மேனேஜர் என்ற தனி நிரல் பார்த்துக்கொள்கிறது. ஒலிக்கும் எச்சரிக்கையை பிரோமீதியஸ் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் ‘இந்த நேரம் வரை இது செல்லுபடியாகும்’ என்று ஒரு காலக்கெடுவையும் சேர்த்து அனுப்பும். மதிப்பீட்டு இடைவெளியும் மறு அனுப்பல் இடைவெளியும் 1 நிமிடமாக இருந்தால், அந்தக் கெடு 4 நிமிடம். கெடு கடந்தும் புதிய செய்தி வரவில்லை என்றால் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று அலர்ட்மேனேஜர் எடுத்துக்கொள்ளும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரோமீதியஸ் எழுந்து வர 1 நிமிடம், 5 நிமிட விதி மறுபடி எண்ணி முடிக்க 5 நிமிடம், ஆக 6 நிமிடம் அலர்ட்மேனேஜருக்கு எந்தச் செய்தியும் போகாது. 4 நிமிடத்தில் கெடு முடிகிறது. அலர்ட்மேனேஜர் செய்திகளைக் குழுவாகச் சேர்த்து அனுப்பும் நேரம் அந்த 2 நிமிட இடைவெளிக்குள் வந்து விழுந்தால், ‘சிக்கல் தீர்ந்தது’ என்று பணியில் இருப்பவருக்குச் செய்தி போய்விடும். சிக்கலோ அப்படியே இருக்கும். சிறிது நேரத்தில் அதே எச்சரிக்கை புதிதாக மறுபடி வரும். இரவு 2 மணிக்குத் தீர்ந்தது என்ற செய்தியைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துத் தூங்கப் போன ஒருவரை யாரும் குறை சொல்ல முடியாது. பெரிய பிரோமீதியஸ் சர்வர்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்: எழும்போது, டிஸ்க்கில் முன்கூட்டியே எழுதிவைத்த பதிவுகளை முழுவதும் மறுபடி படித்து நினைவகத்தை நிரப்ப அவற்றுக்குப் பல நிமிடங்கள் பிடிக்கும், காத்திருப்பே இல்லாத விதிகளுக்கும் அந்த நேரத்தில் கெடு முடிந்துவிடும். என்னைக் கேட்டால், எச்சரிக்கை வராமல் போவதைவிடப் பொய்யான தீர்வுச் செய்தி மோசமானது. மனிதரைத் தன் பொறுப்பிலிருந்து விலக்கிவிடுகிறது.

அலர்ட்மேனேஜர் எதை மறக்கிறது, எதை மறப்பதில்லை? இங்கே வடிவமைத்தவர்களின் தெளிவைப் பாராட்ட வேண்டும். எச்சரிக்கைகளை அது டிஸ்க்கில் எழுதி வைப்பதில்லை, ஏனெனில் பிரோமீதியஸ் ஒரு நிமிடத்தில் மறுபடி அனுப்பிவிடும். அது எழுதி வைப்பவை இரண்டு. ஒன்று, இந்த நேரம் வரை தொந்தரவு செய்யாதே என்று மனிதர்கள் இட்ட ‘சைலன்ஸ்’ உத்தரவுகள். மற்றொன்று, அறிவிப்புப் பதிவேடு: எந்தக் குழுவைப் பற்றி, எந்தப் பெறுநருக்கு, எந்த நேரத்தில் செய்தி போனது, அப்போது அக்குழுவில் எந்தெந்த எச்சரிக்கைகள் ஒலித்துக்கொண்டிருந்தன என்ற குறிப்பு. மறுதொடக்கத்துக்குப் பிறகு பிரோமீதியஸிடமிருந்து எச்சரிக்கைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும்போது, இவை ஏற்கெனவே சொல்லப்பட்டவைதானே என்று பதிவேட்டைப் பார்த்து அது அமைதியாக இருக்கும்; திரும்பச் சொல்லும் இடைவெளி, அதாவது இயல்பாக 4 மணி நேரம், கடக்கும் வரை தொந்தரவு செய்யாது. இவை இரண்டும் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், முறையாக நிறுத்தும்போதும் கோப்பாக எழுதப்பட்டு, இயல்பாக 120 மணி நேரம் காக்கப்படுகின்றன. அளந்து மீட்கக்கூடியதை விட்டுவிட்டு, மீட்க முடியாததைக் காக்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

ஆனால் அந்தக் கோப்புகள் நிலைத்திருந்தால்தான் இவ்வளவும் நடக்கும். குபெர்நெட்டிஸில் அலர்ட்மேனேஜரையோ பிரோமீதியஸையோ நிலையான சேமிப்பு இணைக்காமல், தற்காலிக அடைவில் ஓடவிட்டிருக்கும் அமைப்புகளை இன்றும் பார்க்கிறேன். அங்கே, நிரல் ஓடும் அலகான பாட் வேறு இயந்திரத்துக்கு மாற்றப்பட்டவுடன் பதிவேடும் சைலன்ஸ்களும் போய்விடும். திட்டமிட்ட பராமரிப்புக்காக மாலையில் ஒருவர் இட்ட சைலன்ஸ் நள்ளிரவில் மறைந்து, ஐம்பது எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் பாயும். நிறுத்தும் முறையும் முக்கியம். குபெர்நெட்டிஸ் முதலில் ‘முடித்துக்கொள்’ என்று சைகை அனுப்பி, இயல்பாக 30 நொடி பொறுத்து, அதற்குள் முடியாவிட்டால் கொன்றுவிடும். பெரிய சர்வருக்கு அந்த 30 நொடி போதாமல் போகலாம். அவகாசத்தை நீட்டி வைப்பது ஒரு வரி மாற்றம்தான்.

சொந்தமாகக் கண்காணிப்புக் கருவி எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. நிலைக் கோப்பை அதே பெயரில் மேலெழுதக் கூடாது. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகிவிடும். தற்காலிகப் பெயரில் எழுதி, அது டிஸ்க்கில் உண்மையாகவே இறங்கியதை எஃப்சிங்க் அழைப்பால் உறுதி செய்து, பிறகு பெயரை மாற்ற வேண்டும்.

நிலை சேமிக்கப்பட்டிருந்தும் மீட்கப்படாமல் போகும் இன்னொரு வழி, அடையாளம் மாறுவது. பிரோமீதியஸில் ஓர் எச்சரிக்கையின் அடையாளம், அதன் பெயரும், எந்த சர்வர், எந்த டிஸ்க் என்பது போன்றவற்றைச் சொல்லும் லேபிள்களும் சேர்ந்ததே. மீட்கும்போது, அதே லேபிள்கள் கொண்ட பழைய வரியைத்தான் அது தேடும். மறுதொடக்கத்தோடு சேர்த்து ‘குழு’ என்று ஒரு புதிய லேபிளை விதியில் சேர்த்திருந்தால், அதன் பார்வையில் அது வேறு எச்சரிக்கை. பழைய 50 நிமிடம் அதற்குச் சேராது. மறுதொடக்கம் இல்லாமல் அமைப்பை மட்டும் மீளேற்றினாலும் இதே கதைதான். இதைவிடப் பெரிய பிழை, அளவீட்டின் மதிப்பையே லேபிளில் வைப்பது. டிஸ்க் 91.2 என்றிருந்து 91.3 ஆனவுடன் லேபிள் மாறி, எச்சரிக்கையும் புதியதாகி, காத்திருப்பு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மறுதொடக்கம் எதுவும் நிகழாவிட்டாலும்கூட அந்த விதி ஒருபோதும் ஒலிக்காது. மாறும் மதிப்புகள் இருக்க வேண்டிய இடம் அனோட்டேஷன் எனப்படும் விளக்கக் குறிப்பு. அது அடையாளத்தில் சேராது.

நேரத்தைச் சேமிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ‘இன்னும் 20 நிமிடம் பாக்கி’ என்று சேமிப்பதைவிட ‘இந்த நொடியில் தொடங்கியது’ என்று சேமிப்பதே நல்லது. பாக்கியை எப்போதும் கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த நொடி உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். சென்னையில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் இந்திய நேரத்தை மண்டலக் குறிப்பில்லாமல் கோப்பில் எழுதி, பொது நேரத்தில் ஓடும் கன்டெய்னர், அதாவது தனி உறையில் அடைத்து ஓட்டப்படும் நிரல், அதைப் படித்தால், ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் தொடங்கப்போகும் எச்சரிக்கை ஒன்று பிறந்துவிடும். மின்தடைக்குப் பிறகு எழும் பழைய இயந்திரங்களில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னால் போயிருப்பதும் உண்டு; நேர ஒத்திசைவு முடிந்த பிறகே கண்காணிப்பு நிரல் தொடங்கும்படி சிஸ்டம்டியில் வரிசை வைப்பது அவசியம்.

மின்தடை என்பது நம் ஊரில் கற்பனை நிகழ்வு அல்ல. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பகுதி பகுதியாக மின்சாரம் நிறுத்தப்படுவது செய்தித்தாளிலேயே வருகிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது நகரின் பல பகுதிகளில் முன்னெச்சரிக்கையாகவே மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்ற பிரோமீதியஸின் எடுகோள் நிற்காது. அலுவலகக் கட்டடத்துக்குள்ளேயே கண்காணிப்பு சர்வரை வைத்திருப்பவர்கள் அந்தப் பொறுமை அளவை 4 அல்லது 6 மணி நேரமாக உயர்த்துவதில் தவறில்லை. கண்காணிக்கப்படும் சர்வர்கள் வேறு இடத்தில் இருந்து, நின்றது கண்காணிப்பு மட்டும்தான் என்றால் இது இன்னும் பொருந்தும்.

சேமித்த நிலையை நம்பாமலேயே சில விதிகளை எழுத முடியும். ‘90 க்கு மேல், 30 நிமிடம் காத்திரு’ என்பதற்குப் பதிலாக, ‘கடந்த 30 நிமிடத்தின் மிகக் குறைந்த மதிப்பே 90 க்கு மேல்’ என்று கேட்டால், விடை சேமித்த அளவீடுகளிலிருந்தே கிடைக்கும். காத்திருப்புக் கணக்கே தேவையில்லை. ஆனால் ஓர் ஓட்டை உண்டு. அந்த 30 நிமிடத்தில் 29 நிமிடம் தூங்கிவிட்டு எழுந்திருந்தால், கையில் உள்ள ஒரே புள்ளி 91 என்றாலும் நிபந்தனை உண்மையாகிவிடும். ஆகவே அந்த இடைவெளியில் போதுமான புள்ளிகள் உள்ளனவா என்ற எண்ணிக்கைச் சோதனையையும் விதியில் சேர்க்க வேண்டும். நெடுநேர விதிகளுக்கு இந்த முறையையே நான் இப்போது விரும்புகிறேன்.

இரண்டு பிரோமீதியஸ்களை ஒரே விதிகளோடு இணையாக ஓடவிடுவதும் பயன் தரும். ஒன்றை மறுதொடக்கம் செய்யும்போது மற்றொன்று தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருப்பதால் 4 நிமிடக் கெடு முடியாது, இரண்டிலிருந்தும் வரும் ஒரே எச்சரிக்கையை அலர்ட்மேனேஜர் ஒன்றாக்கிவிடும். முதலாவது முழுவதும் எழுந்து, 5 நிமிட விதிகள் ஒலிப்புக்குத் திரும்பிய பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். அவசரத்தில் இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன்.

இவையெல்லாம் நம் அமைப்பில் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்பதை அறிய ஓர் அரை மணி நேரச் சோதனை போதும். எப்போதும் உண்மையாக இருக்கும் நிபந்தனையோடு, 20 நிமிடக் காத்திருப்பும் 5 நிமிடக் காத்திருப்பும் கொண்ட இரண்டு சோதனை விதிகளை எழுதுங்கள். வேறொரு எச்சரிக்கைக்கு ஒரு சைலன்ஸ் இடுங்கள். 8 நிமிடம் கழித்து, முறையாக நிறுத்தாமல், பிரோமீதியஸையும் அலர்ட்மேனேஜரையும் கொல்லும் சைகை கொண்டு வீழ்த்தி, 2 நிமிடம் விட்டு எழுப்புங்கள். 20 நிமிட விதியின் ‘எப்போதிலிருந்து’ கட்டம், முதலில் இருந்த நேரத்தைவிட ஏறக்குறைய 2 நிமிடம் பிந்தி நிற்க வேண்டும். 5 நிமிட விதி மஞ்சளுக்குத் திரும்பியிருக்கும். அதற்கிடையில் கைபேசிக்கு ‘தீர்ந்தது’ என்று செய்தி வந்ததா என்று பாருங்கள். சைலன்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள்: அது கொல்வதற்கு முந்தைய 15 நிமிடத்துக்குள் இட்டது என்பதால், கோப்பில் ஏறாமலே போயிருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட அலர்ட்மேனேஜர்களைக் கூட்டமாக ஓடவிட்டு, அவற்றில் ஒன்றை மட்டும் வீழ்த்தியிருந்தால், அந்தச் சைலன்ஸை அது எழுந்தவுடன் தன் கூட்டாளிகளிடமிருந்து திரும்பப் பெற்றிருக்கும்.